தாத்தாவின் அப்பா பெயருக்கு மேல் போக முடியுமா?

3.2.2024, கேள்வி

எங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பா பெயர் வரைக்கும்தான் தெரியும். அதற்கு மேல் கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் நூறு, இருநூறு வருஷத்துப் பதிவேடுகளை எடுத்து வம்சாவளி போடுகிறார்கள். விவசாயக் குடும்பத்தைப் பற்றி நம் ஊரில் யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்? ஆவணமே இல்லாத இடத்தில் தேடுவது வீண் வேலை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உண்டா?

4.2.2024

உண்டு. நான் இரண்டு வருஷமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன். நம் ஆட்களையும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுதியது பிறப்புக்காகவோ கல்யாணத்துக்காகவோ இல்லை, நிலத்துக்காகவும் கடனுக்காகவும். நிலம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் ஒருவர் உட்கார்ந்து, "இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்தில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று எழுதியிருக்கிறார். ஒரே வரியில் அப்பனும் மகனும் ஊரும் கிடைத்துவிடுகிறது.

பத்திரப் பதிவு 1860களின் நடுவிலிருந்தே நடக்கிறது. இன்று நடப்பில் இருப்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அசையாச் சொத்துப் பத்திரங்களை அப்படியே நகலெடுத்து வைக்கும் பதிவேட்டுக்கு 1 புத்தகம் என்று பெயர். அதைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். அந்தச் சொத்து உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

சென்சஸை நம்பிப் போகாதீர்கள். சென்னை மாகாணத்தில் 1871லேயே கணக்கெடுத்தார்கள்தான், ஆனால் வீட்டு வாரியான தாள்கள் நம் கைக்கு வராது. 1948 சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். இங்கிலாந்தில் 1921 கணக்கெடுப்புத் தாள்களை 2022ல் திறந்துவிட்டார்கள். அந்த வசதி நமக்கு இல்லை.

4.2.2024, இரவு

ஒன்றைச் சொல்லாமல் தூக்கம் வராது. பெரியப்பா மகன் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். மேல்பக்கம் செல்லரித்துவிட்டது. மிச்சம் இருப்பதில் "துந்துபி௵ ஆவணி௴" தெளிவாக இருக்கிறது. நிலத்தை வாங்கியவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் எங்கள் ஓட்டன் பெயர், அவருடைய அப்பா பெயர் என்று வீட்டில் சொல்வதோடு அப்படியே பொருந்துகின்றன. துந்துபி என்றால் 1862. அதாவது பாட்டன், பூட்டன் தாண்டி ஓட்டனையே பிடித்துவிட்டேன்!

6.2.2024

பத்திரத்தில் வந்த ௵, ௴ என்ற சுழிகள் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பழைய பத்திரத்தைக் கையில் எடுக்கும் எல்லோருக்கும் இது வேண்டும். ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி, ௹ ரூபாய். கணக்கு நோட்டாக இருந்தால் ௶ பற்று, ௷ வரவு.

எண்களும் எழுத்துகளைப் போலவே இருக்கும். ௧ என்பது க மாதிரி, ௨ என்பது உ மாதிரி, ௭ என்பது எ மாதிரி, ௮ என்பது அ மாதிரி. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. நில அளவில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. "அரையே அரைக்கால்" என்று வந்தால் எட்டில் ஐந்து.

கையெழுத்துதான் முதலில் மிரட்டும். புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். ஒ, ஓ வித்தியாசம் இருக்காது. நான் முதல் பத்திரத்தைப் படித்து முடிக்க நான்கு இரவுகள் ஆயின. வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். எழுதியவர் பேசுகிற மாதிரியேதான் எழுதியிருப்பார்.

17.2.2024

பத்திரம், பட்டா எதுவும் இல்லாத குடும்பம் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. நிலமே இல்லாதவர்கள்தான் இந்த நாட்டில் அதிகம். என் அம்மா வழியும் அப்படித்தான். அங்கே எனக்குக் கை கொடுத்தது மொய் நோட்டு.

சிரிக்காதீர்கள். அப்பா, அம்மா கல்யாணம் 1958ல். அந்த நோட்டில் இருநூற்றுச் சொச்சம் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர், சில இடங்களில் உறவும் இருக்கிறது. எந்த ஊரில் யார் வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக எழுதியது, இன்று எங்களுக்கு உறவு வரைபடமாக இருக்கிறது. பெரும்பாலோர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். ஒரே ஒரு வீடு மட்டும் பதினொரு ரூபாய், அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று வீட்டில் இன்று ஒருவருக்கும் தெரியவில்லை. பென்சிலால் சுற்றி வைத்திருக்கிறேன்.

குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும் அப்படித்தான். பூசாரி வீட்டிலோ நாட்டாமை வீட்டிலோ பழைய நோட்டு ஒன்றாவது பரணில் கிடக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு என்பதால் வரி நோட்டில் ஒருவர் பெயர் புதிதாக ஏறிய வருஷத்தை வைத்து அவர் கல்யாண வருஷத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

18.2.2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எல்லா ஊரிலும் தலைக்கட்டுக் கணக்கு ஒரே மாதிரி இல்லை. தனிச் சமையல் வைத்தால்தான் தனித் தலைக்கட்டு என்ற ஊர்களும் உண்டு. எது உங்கள் ஊர் வழக்கம் என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

25.2.2024

பெரியவர்களிடம் பேசுவது பற்றி. "நம்ம வம்சத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. "உங்க சின்ன வயசுல இந்த வீட்டுல எத்தனை பேர் படுப்பீங்க, யார் எங்கே படுப்பாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அத்தைக்கு எண்பத்தாறு வயது. திண்ணை, ரேழி, கூடம் என்று ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினேழு பேர் வந்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் எங்கள் யாருக்கும் தெரியாதவர்கள். சின்ன வயசிலேயே போய்விட்ட குழந்தைகள்.

உறவுச் சொல்லை மட்டும் அப்படியே எழுதாதீர்கள். தாத்தா என்றால் தாத்தாவின் தம்பியும் தாத்தாதான், பக்கத்து வீட்டுப் பெரியவரும் தாத்தாதான். "உங்க அப்பாவைப் பெத்த தாத்தாவா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வம்சாவளி போடும் மென்பொருள்களில் எங்கள் வீடு அடங்க மறுக்கிறது. பெரியப்பா அக்காள் மகளைக் கட்டியவர். அவர் பிள்ளைகளுக்கு அப்பாவைப் பெற்றவர்களே அம்மாவின் அம்மாவையும் பெற்றவர்கள். ஒரே ஜோடி தாத்தா பாட்டி வரிசையிலும் வருகிறது, அதற்கு ஒரு படி மேலேயும் வருகிறது. கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரிய சார்ட் பேப்பரில் கையால் போடுவதுதான் சரிப்பட்டு வருகிறது.

10.3.2024

பிப்ரவரி 4ஆம் தேதி இரவு எழுதியது தவறு. அதை அழிக்கவில்லை, எப்படித் தவறினேன் என்பது மற்றவர்களுக்கு உதவும்.

நேற்று பெரியப்பா மகன் வீட்டுக்கே போய் மூலப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். போனில் வந்தது முதல் தாளின் முன்பக்கம் மட்டும். இரண்டாம் தாளில் முத்திரை அப்படியே இருக்கிறது. விக்டோரியா ராணியின் தலையைத் தேடினேன், இருந்ததோ தாடி வைத்த ராஜா. ஏழாம் எட்வர்டோ ஐந்தாம் ஜார்ஜோ, யாராக இருந்தாலும் 1901க்கு முன்னால் இருக்க முடியாது. நெஞ்சு திக்கென்றது. முதல் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சப் ரிஜிஸ்ட்ராரின் குறிப்பு: 1 புத்தகம், வால்யூம், பக்கம், 1922ஆம் வருஷத்து நம்பர்.

தமிழ் வருஷங்கள் அறுபது. சுற்றி வந்து மறுபடி அதே பெயர் வரும். துந்துபி 1862லும் வந்தது, 1922லும் வந்தது, 1982லும் வந்தது. இது எனக்குத் தெரியாததில்லை. பெயர்கள் பொருந்திவிட்டதால் யோசிக்கவில்லை. பெயர்கள் பொருந்தியதற்கும் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். பெயரன் என்பதே அதுதானே. அப்படி வைத்துக்கொண்டே வந்தால் அப்பன், மகன் என்ற ஜோடி இரண்டு தலைமுறைக்கு ஒரு தடவை அச்சாகத் திரும்பி வரும். இரண்டு தலைமுறை என்றால் கிட்டத்தட்ட அறுபது வருஷம். வருஷத்தின் பெயரும் திரும்பிவிட்டது, ஆட்களின் பெயரும் திரும்பிவிட்டது. நிலத்தை வாங்கியவர் ஓட்டன் இல்லை, அதே பெயருள்ள என் தாத்தா.

பத்திரம் இருந்த டப்பாவில் ஒரு கிஸ்தி (நிலவரி) ரசீதும் கிடந்தது, பசலி 1332 என்று. பசலி என்பது வரிக் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம், ஜூலையில் தொடங்கும். 1922. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தெற்கே போனால் கொல்லம் ஆண்டு இருக்கும், அதற்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், மாதத்தைப் பொறுத்து.

ஆகவே தமிழ் வருஷத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம். பசலி, முத்திரை, பின்பக்கக் குறிப்பு, இவற்றில் ஒன்றாவது கூட நிற்க வேண்டும்.

11.3.2024

வருத்தம்தான், அறுபது வருஷம் கைநழுவிப் போன மாதிரி இருக்கிறது.

16.3.2024

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடும் ஐயாவுக்கு: உங்கள் வேலை என்னுடையதைவிடச் சுலபமாக இருக்கலாம். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் நின்றது. அதிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதிய கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயர்கள் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்த மாதிரி இருக்கும். தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தத் தாலுகாவின் கிராமப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கங்காணி முறையில், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி மூலம், இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு ஆள்வாரியான இப்படிப்பட்ட பட்டியல் கிடைப்பது கடினம். ஆனால் 1964 சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பமாக இருந்தால், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அதில் குடும்பத்தார் எல்லோர் பெயரும் இருக்கும். அதைக் கிழிந்த காகிதம் என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

30.3.2024

ஆர்வக்கோளாறு அடங்கி 1922 பத்திரத்தை ஒழுங்காகப் படித்தேன். இதுவரை வாங்கியவர் பெயரை மட்டுமே மொய்த்துக்கொண்டிருந்தேன். விற்றவர்கள் சொத்து தங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லும் பகுதியைத் தாண்டிப் போயிருந்தேன். அதில் இருப்பது இது: இந்த நிலத்தை எங்கள் பாட்டனார் பிரமாதி வருஷத்தில் இன்னார் விதவையிடமிருந்து கிரயம் பெற்று, அதுமுதல் நாங்கள் அனுபவித்து வருகிறோம்.

அந்த இன்னார் என்ற இடத்தில் இருப்பது எங்கள் ஓட்டன் பெயர்.

பிரமாதி என்றால் இந்தச் சுற்றில் 1879. (இந்தத் தடவை சரி பார்த்துவிட்டேன். அதற்கு முந்தைய பிரமாதி 1819, 1860களில் வந்த பதிவு முறை அப்போது இல்லை. பத்திரத்தில் பதிவு நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.) அதாவது தாத்தா 1922ல் வாங்கியது புது நிலம் இல்லை. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய பாட்டி விற்ற நிலத்தையே திரும்ப வாங்கியிருக்கிறார். இதைத் தாத்தா ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. அப்பாவுக்கும் தெரியாது.

2.4.2024

முந்தைய பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்று ஏன் சொல்கிறோம் என்று இப்போதுதான் புரிகிறது.

20.4.2024

1879 பத்திரத்துக்கு நகல் மனு போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் வராத காலம் என்பதால் மேனுவலாகத்தான் தேட வேண்டும். முதலில் போன அலுவலகத்தில் அவ்வளவு பழசு இங்கே இல்லை, போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், எங்கே இருக்கும் என்று சொல்லவில்லை. இரண்டு அலுவலகம் அலைந்த பிறகு வேறொரு இடத்தில் வால்யூம் இருப்பது தெரிந்தது. நம்பர், வருஷம் கையில் இருந்ததால் பிழைத்தேன். நம்பர் இல்லாதவர்கள் பெயர் இண்டெக்ஸ், சொத்து இண்டெக்ஸ் இரண்டையும் தேடச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனி.

பழைய பத்திரத்து சர்வே நம்பர் இன்றைய நம்பரோடு பொருந்தவில்லை என்று எழுதியவருக்கு: பொருந்தாது. மிகப் பழையதில் பைமாஷ் (பழைய நில அளவை) நம்பர், அப்புறம் சர்வே நம்பர், அப்புறம் ரீசர்வே. 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆரில், அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்தில், உட்பிரிவுகளும் பட்டாதாரர் பெயர்களும் நிறைய இடங்களில் மாறின. பழைய நம்பருக்குப் புது நம்பர் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேளுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், அந்த 1909 காலத்துச் சிவப்புக் கட்டடத்தில், பழைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) பதிவேடுகளைத் தேடலாம். நம்பர் குழப்பினால் நான்கெல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலும் பாறையும் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.

21.4.2024

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் போட்ட சார்ட்டில் மேலே போகப் போக ஆண்கள் மட்டுமே நின்றார்கள். பாகப்பிரிவினையில் மகன்கள் பெயர்தான் வரும். மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989ல்தான். ஆகவே பெண்களை வேறு இடங்களில் தேட வேண்டும். விடுதலைப் பத்திரத்தில் இருப்பார்கள். தான செட்டில்மெண்டில் இருப்பார்கள். விதவையாகிவிட்டால் விற்பவராக வருவார்கள். பிள்ளை மைனராக இருந்தால் கார்டியனாக வருவார்கள். புருஷன் உயிரோடு இருக்கிறவரை அந்தப் பெண்ணின் பெயர் எங்குமே இல்லை, அவர் போன பிறகுதான் காகிதத்தில் பெயர் ஏறுகிறது. இதை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

பிறப்புப் பதிவேட்டிலும், அதாவது சென்னை மாகாணத்தில் 1899 சட்டத்துக்குப் பிறகு கிராமங்களில் எழுதியதில், குழந்தைக்குப் பெயர் இல்லாமல் "பெண்" என்று மட்டும் இருக்கும். பெயர் வைப்பதற்குள் பதிந்துவிடுவதுதான் காரணம். அதனால் பெயரை வைத்துத் தேடாமல் அப்பா பெயரை வைத்துத் தேடுங்கள்.

1.6.2024

நகல் வந்துவிட்டது.

நான்கு பக்கம். "மைனர் மகனுக்காகத் தாயும் கார்டியனுமான" என்ற சொற்களுக்குப் பக்கத்தில் அவள் பெயர். புருஷன் வாங்கிய கடனுக்காகவும் குடும்பச் செலவுக்காகவும் விற்பதாக எழுதியிருக்கிறது. 1876ல் தொடங்கி 78 வரை நீடித்த பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்போமே, அது முடிந்த அடுத்த வருஷம். ஓட்டன் பஞ்சத்தில்தான் போனாரா என்று பத்திரம் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். அந்த மைனர் மகன்தான் என் பூட்டன். அவரில்லாமல் நாங்கள் யாரும் இல்லை.

அவள் பெயரும் எங்கள் அத்தை பெயரும் ஒன்று.

அத்தையிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "ஏதோ பெரியவங்க பேருன்னு எங்கப்பா சொல்லுவாரு, யாருன்னு சொல்லல" என்றார். மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம், "கையெழுத்தா, கீறலா?" என்று கேட்டார். கீறல் என்றேன். அந்தக் கீறலைத் தொட்டுப் பார்த்தார். அது பதிவேட்டு எழுத்தர் பார்த்து எழுதியது, அவள் போட்டது மூலப் பத்திரத்தில் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

2.6.2024

நேற்று சாட்சிகளைப் பார்க்கவே இல்லை. இன்று காலையில்தான் பார்த்தேன். இரண்டு பேர். முதல் சாட்சி உள்ளூர். இரண்டாவது சாட்சிக்கு எதிரே "மேற்படியாள் சகோதரன்" என்று எழுதி ஊரும் போட்டிருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். மொய் நோட்டில் பதினொரு ரூபாய் எழுதிய வீட்டின் ஊர்.

1879ல் கூடப்பிறந்தவள் நிலத்தை விற்கும்போது அண்ணனோ தம்பியோ ஆற்றைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றிருக்கிறார். 1958ல் எங்கள் அப்பா கல்யாணத்துக்கும் அந்த வீட்டிலிருந்து யாரோ ஆற்றைத் தாண்டி வந்திருக்கிறார்கள். (அதே வீடுதான் என்பதற்கு ஊர் ஒன்றுதான் இப்போதைக்குச் சாட்சி. துந்துபி விஷயத்தில் பட்டதால் அடித்துச் சொல்லவில்லை.)

அத்தைக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம், நானும் வருகிறேன் என்கிறார். முட்டி வலிக்குமே என்றேன். மொய்யைத் திருப்பிச் செய்தோமா என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

தெரியவில்லை. நோட்டில் அந்த வரியை மட்டும் யாரும் அடிக்கவில்லை.